நாள்காட்டித் தாளில் மடித்த நாலு மாத்திரை

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘பையக்கொட்டு’. வார்டு வாசலில் என் தலை தெரிந்ததுமே, “ஏய், பையக்கொட்டு வருதுடி” என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடிப்பாள். காதில் விழாத மாதிரியே நடந்து போவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

2008லிருந்து 2012 வரை அங்கே நான் ஃபார்மசிஸ்ட். புதிதாக யார் வந்து படுத்தாலும், அவர் வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுவது என் வேலை. அந்தத் தாளை டாக்டர் எழுதிய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்துவிட்டதா, நிறுத்தக் கூடாத ஏதாவது விட்டுப்போயிற்றா, ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் ஒருமுறை. கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் நம் ஜனங்களிடம் ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். “காலையில ஒரு வெள்ள, ராத்திரி ஒரு ரோஸு” என்பார்கள். எந்த வெள்ளை? உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதானே! அதனால் வாயால் கேட்பதை விட்டுவிட்டு, “பையக் கொட்டுங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மஞ்சப்பை, ஜவுளிக்கடைப் பை, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை, எல்லாம் என் முன்னால் கொட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெரியவர் எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் திறந்து காட்டினார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சத்து மாத்திரை எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். “எல்லாம் ஒரே வயித்துக்குத்தானம்மா போவுது?” என்றார். ஒரு வாத்தியார் வீட்டு அம்மா, வீட்டுக்காரரின் மாத்திரையைத்தான் தானும் போட்டுக்கொண்டிருந்தார். “எனக்கும் அவுருக்கும் ஒரே சுகர்தான் மேடம்” என்று விளக்கம் வேறு.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயியை மறக்க முடியாது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, இரண்டு முறை வரப்பிலேயே விழுந்துவிட்டார் என்று மருமகன் கூட்டிவந்திருந்தான். பையைக் கொட்டினால், கடலூர் டாக்டர் எழுதின பிரஷர் மாத்திரை ஒரு அட்டை, சிதம்பரம் டாக்டர் எழுதின பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது அதே மருந்து.

“ரெண்டையும் போட்டீங்களா மாமா?”

“ரெண்டு பேருமே நல்ல டாக்டருங்கம்மா. ஒருத்தரு எழுதுனத விட்டுட்டா இன்னொருத்தரு மனசு நோவாது?”

“அவுங்க மனசெல்லாம் நோவாது. நீங்கதான் வரப்புல வுழுந்து கெடக்குறீங்க” என்று ஒரு கத்து கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாதம் செக்கப்புக்கு வந்தபோது ஒரு கட்டு கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபார்மசி வாசலில் சாத்திவிட்டுப் போனார். அதை பஸ்ஸில் கடலூர் வரைக்கும் கொண்டுபோக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆமாம், தினமும் பஸ்தான். வீடு கடலூரில், வேலை சிதம்பரத்தில். காலை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக நான் போடாத சண்டை இல்லை. சிப்காட் ரசாயன ஆலைகள் வந்ததும் பஸ்ஸே ஒற்றுமையாக மூக்கைப் பொத்தும், ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். ஆலப்பாக்கம் தாண்டினால் மறுபடி ஏற்றுவோம். அந்த நேரத்தில் உள்ளே வரும் காற்று இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு நாலு வருஷம் அந்த பஸ்ஸில் போகலாம். முதல் நாள் எழுதிய தாள்களின் நகலை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்ப்பேன். என் கையெழுத்தை நானே ரசித்துக்கொள்வேன். அந்த வேலையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் இருந்தது எனக்கு.

அப்படிப்பட்ட நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில், ‘வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள்’ என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அதற்கு முன்னால் மஞ்சக்குப்பத்துக்குப் போக வேண்டும்.

டிப்ளமோ முடித்ததும் நான் சேர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில். சுனாமி வந்த வருஷம். நான் சேர்ந்து மூன்று மாதத்தில் அது வந்தது. அந்த வாரம் முழுவதும் எங்கள் முதலாளி கடையிலிருந்த காய்ச்சல் மருந்து, காயத்துக்குப் போடும் மருந்து, குளுக்கோஸ் பாக்கெட் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் அள்ளி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு அலை புகுந்த தேவனாம்பட்டினத்துக்கும் கடைக்குமாக அலைந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். மனுஷன் நல்லவர். மதியம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் கல்லாவை விட்டு எழுந்து வெளியே போய் நிற்பார், பெண் பிள்ளை கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று. சாயந்திரம் நாலு மணிக்கு டீயும் பன்னும் தவறாமல் வரும். என் முதல் சம்பளம் அங்கேதான். மருந்துப் பெட்டிகளைப் பிரித்ததும் வரும் அந்த வாசனை, கண்ணாடி அலமாரியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டது, வெள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்றால் நானே அரை டாக்டர் என்று ஒரு நினைப்பு. அந்தக் கடையை நினைத்தால் இன்றைக்கும் மனசு இனிக்கிறது. என்ன செய்ய, இனிக்கத்தான் செய்கிறது.

அந்தக் கடையில் அதிகமாக விற்றது எது தெரியுமா? ‘செட்டு’. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். “உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க” என்றால் கடைக்காரர் நாலு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார். ஒன்று வலிக்கு, ஒன்று வயிறு எரியாமலிருக்க, ஒன்று சத்து மாத்திரை. நாலாவதாக ஒரு பொடிசு, வெள்ளையாக இருக்கும். அதுதான் ஸ்டீராய்டு. செட்டின் உயிரே அதுதான். அது உள்ளே போனால் முட்டி வலி, இடுப்பு வலி, அசதி எல்லாம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். நாற்று நடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் என்று எல்லோரும் வந்து வாங்குவார்கள்.

எங்கள் கடையில் செட்டு மடிக்க நாள்காட்டித் தாள். தினமும் கிழிக்கிற காலண்டர் கட்டுகள் நகைக்கடை, ஜவுளிக்கடை என்று முதலாளிக்கு நிறைய வரும். பழைய தாள்களைச் சேர்த்து வைத்திருப்போம். தேதித் தாளில் நாலு மாத்திரையை வைத்து, முக்கோணமாக மடித்து, கடைசி நுனியை உள்ளே சொருகினால் பிரியவே பிரியாது. கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பார்களே, அதே மாதிரி. சேர்ந்த ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. பேசிக்கொண்டே மடிப்பேன், பாடிக்கொண்டே மடிப்பேன்.

தேவனாம்பட்டினத்து அக்கா வர ஆரம்பித்தது சுனாமிக்கு அடுத்த சித்திரை வாக்கில். வீட்டுக்காரரின் படகும் வலையும் போய்விட்டன. புதுப் படகு வரும்வரை சும்மா இருக்க முடியாதென்று அக்கா மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் தெருத் தெருவாக விற்க வந்தார். ஒல்லியான உடம்பு, விறுவிறு நடை, கொண்டையில் எப்போதும் கொஞ்சம் கனகாம்பரம். புதுப் படகு வந்த பிறகும் கூடை இறங்கவில்லை, ஒரே மகளைக் கரையேற்ற வேண்டுமே. முட்டி வலி தாங்கவில்லை என்று ஒருநாள் வந்து நின்றார். நான்தான் முதல் செட்டு மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “என்னா பாப்பா குடுத்த? பதினெட்டு வயசு பொண்ணாட்டம் நடந்தேன்!” என்றார். அதிலிருந்து தினமும் ஒன்று. வெயில் ஜாஸ்தியாக இருக்கும் நாளில் இரண்டு. பொட்டலத்தை வாங்கி இடுப்பில் சொருகியிருக்கும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, கவுண்டர் மேல் கை ஊன்றி இரண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். வியாபாரம் நன்றாக நடந்த நாளில் நாலு சங்கரா மீனை வாழையிலையில் சுற்றி என் பைக்குள் திணிப்பார். அதை எதிர்பார்த்தே நான் மதியத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷம் போனதும் அக்காவுக்கு முகம் உருண்டு வந்தது. கன்னத்தில் சதை வைத்தது. “என்னாக்கா, பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க ரெடியாவுறீங்களா? இப்படி மினுக்குறீங்க!” என்று கேலி செய்தேன். “மீனு தின்ற ஒடம்பு பாப்பா” என்று அவரும் சிரித்தார்.

எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். உடம்பு தினமும் தானே சுரந்துகொள்ள வேண்டிய ஒன்றை வெளியிலிருந்து கொடுத்துப் பழக்கினால், உடம்பு சுரப்பதை மறந்துவிடும். முகம் உருளும். வருஷக்கணக்கில் போட்டால் எலும்பு உளுத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் சரியும், வாந்தி வரும், மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிரே போய்விடலாம். எல்லாம் தெரிந்து ஒருநாள் முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். “அந்தச் சின்னத எடுத்துட்டுக் குடுக்கலாமா சார்?”

அவர் கோபப்படவில்லை. “அத எடுத்துட்டா வலி கேக்காதும்மா. எதிர்க்கடைக்குப் போவாங்க. அவன் என்ன கம்பெனி மருந்து போடுவானோ. நம்மகிட்டயாவது நல்ல மருந்தா இருக்கு” என்றார். அப்புறம் டீ வந்தது. நான் குடித்தேன். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் வராமல் போய்விடுவார் என்பது எனக்கு மீனை விடப் பெரிய நஷ்டமாக இருந்தது. இருபத்தி மூன்று வயசு, தினமும் என்னைப் பார்த்து முகம் மலர்கிற மனுஷி ஒருத்தியை இழக்க மனசு வரவில்லை. இப்படி எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் அது கோழைத்தனம்.

2008ல் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாளில் அக்கா வரவில்லை. மகள் கல்யாண வேலை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதோடு சரி.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. இடுப்பு எலும்பு முறிந்த ஒரு அம்மாவை பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவர், பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். லேசாக உட்கார்ந்ததற்கே எலும்பு முறிந்திருந்தது. வலிக்கு ஊசி போட்டு, கண் சொக்கிக் கிடந்தார். முகம் வீங்கி உருண்டையாக, தலைமுடி நரைத்து அவிழ்ந்து, ஆஸ்பத்திரி கவுன் மாட்டியிருந்தது. நான் மகளிடம் கேட்டேன்.

“அம்மா வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்புடுறாங்க?”

“ஒண்ணும் இல்ல மேடம். சுகரு பிரஷரு எதுவும் இல்ல. அவுங்களுக்கு டாக்டர்னாலே ஆவாது.”

“பை எங்க? கொட்டுங்க.”

பையில் இரண்டு புடவை, ஒரு சீப்பு, வெற்றிலைப் பெட்டி. அவ்வளவுதான். அந்த அம்மாவையும் தோளைத் தட்டிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார், இல்லையென்று. பொய் சொல்லவில்லை அவர். நம் பக்கத்தில் மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. செட்டை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, டீ குடிப்பதைச் சேர்க்காத மாதிரி. ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாக் கட்டிலிலும் சொல்வதை அங்கேயும் சொன்னேன்: “இனிமே நாங்க குடுக்குறத மட்டுந்தான் சாப்புடணும். வெளி மாத்திர ஒண்ணு கூடத் தொடக் கூடாது. சரியா?” கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். அந்த அம்மா மறுபடி தலையை ஆட்டினார்.

கேஸ் ஷீட்டில் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் எனக்கு எதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவர் தேவனாம்பட்டினத்து அக்கா. மூன்று வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்த மனுஷியின் பெயரை நான் கேட்டதே இல்லை.

புதன்கிழமை காலை. அடுத்த நாள் ஆபரேஷன் என்று குறித்திருந்தது. நான் ரவுண்ட்ஸ் போனபோது அந்தக் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். இரவிலிருந்தே வாந்தியாம். பிரஷர் இறங்கிக்கொண்டே வருகிறது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, பிரஷர் ஏறவில்லை. எலும்பு முறிந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று டாக்டர் அம்மா யோசித்துக்கொண்டிருந்தார், ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லி மகளின் வீட்டுக்காரரை அனுப்பியிருந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை, முனகல்தான். “உடம்புல இருக்குறதெல்லாம் கழட்டிடுங்க” என்று நர்ஸ் சொல்ல, மகள் அழுதுகொண்டே தாயின் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக்கொண்டிருந்தாள். கவுனுக்குள்ளே அரைஞாண் கயிற்றில் ஒரு சுருக்குப்பை கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தாள். நகையை அதில் போடலாமென்று விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் கட்டில்மேல் விழுந்தது.

நர்ஸ் அதை எடுக்கப் போனாள். மகள் தடுத்தாள். “அது திருநீறு சிஸ்டர். எப்பவும் வச்சிருப்பாங்க. அது மட்டும் கூடவே இருக்கட்டும், கும்புட்டுக்குறேன்.”

முக்கோணப் பொட்டலம். நுனி உள்ளே சொருகியிருந்தது. வெளிப்பக்கம் சிவப்பில் தேதி.

அதை எடுத்துப் பிரித்தேன். எப்படிப் பிரிப்பது என்று என் விரல்களுக்குத் தெரிந்தது. நாலு மாத்திரை. மூன்று பெரிசு, ஒரு பொடிசு. நிமிர்ந்து அந்த உருண்டை முகத்தைப் பார்த்தேன். கன்னத்தை எடுத்துவிட்டு, நரையை எடுத்துவிட்டு, கொண்டையில் கொஞ்சம் கனகாம்பரம் வைத்துப் பார்த்தேன்.

அக்கா!

திங்களும் செவ்வாயும் பொட்டலம் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஏன்? வெளி மாத்திரை தொடக் கூடாது என்று ஒருத்தி அதட்டிவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் அம்மாவிடம் பொட்டலத்தை நீட்டினேன். “டாக்டர், இது ரத்தம் கசியிறது இல்ல. இவங்க தெனமும் ஸ்டீராய்டு சாப்புட்டவங்க. மூணு நாளா உள்ள போவல.”

“தெனமுமா? யார் சொன்னா? உங்க ஷீட்ல எதுவும் இல்லன்னுதான இருக்கு?”

“தப்பா எழுதிட்டேன்.”

“எவ்வளவு வருஷமா எடுக்குறாங்க? மகளுக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. பொட்டலத்தைப் பார்த்து ஊகித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊகம் என்றால் அவர் இன்னும் கொஞ்சம் பரிசோதனை, இன்னும் கொஞ்சம் யோசனை என்று போவார். பிரஷர் மெஷினில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“அஞ்சு வருஷத்துக்கு மேல டாக்டர். மொத மூணு வருஷம் நானே மடிச்சுக் குடுத்தேன். கடலூர்ல ஒரு மெடிக்கல்ல.”

நர்ஸுகள் என்னைப் பார்த்தார்கள். மகள் பார்த்தாள். டாக்டர் அம்மா என்னை ஒரு நொடி பார்த்தார், திரும்பி நர்ஸிடம் ஸ்டீராய்டு ஊசியின் பெயரைச் சொன்னார். “இப்பவே, ஐ.வி.” நான் ஃபார்மசிக்கு ஓடினேன். வார்டில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள்.

ஊசி போட்ட பிறகு எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் போகவில்லை. அந்தத் தாளை எடுத்து, ‘எதுவும் இல்லை’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அந்த நாலு மாத்திரையின் பெயரையும் எழுதினேன். ‘எவ்வளவு காலமாக’ என்ற இடத்தில் வருஷத்தை எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ரசிக்க ஒன்றுமில்லை அதில். மதிய சாப்பாட்டு மணி அடித்தது, சாப்பிடப் போகவில்லை. பயமாக இருந்தது. கடவுளே, இந்த அம்மா பிழைத்துக்கொள்ளட்டும், என்னை வேண்டுமானால் வேலையை விட்டு அனுப்பட்டும் என்று சும்மா ஒரு பேரம். மூன்று மணிக்கு மேல் பிரஷர் ஏற ஆரம்பித்தது. நாலு மணிக்கு அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். நான் ஃபார்மசிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷன் அடுத்த வாரம் நடந்தது. நன்றாகவே நடந்தது. வேலை போகவில்லை. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த ஷீட்ல இன்னொரு கேள்வி சேருங்க” என்று மட்டும் சொன்னார். சேர்த்தேன். ‘கடையில் கேட்டு வாங்கும் பொட்டலம் உண்டா?’ அடுத்த மாதத்திலேயே அந்தக் கேள்விக்கு ‘உண்டு’ என்று சொன்னவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அத்தனை பேர்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் கழித்து, அசதியெல்லாம் தெளிந்து, அக்கா என்னை உற்றுப் பார்த்தார். “பாப்பா… நீ மஞ்சக்குப்பம் மெடிக்கல்ல இருந்த பொண்ணுதான?”

“ஆமாக்கா.”

அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. “ஏய், இதான்டி அந்தப் பொண்ணு!” என்று மகளை இழுத்துக் காட்டினார். “இது குடுத்த செட்டப் போட்டுக்கினுதான் கூடைய தூக்குனேன். உன் கழுத்துல தாலி ஏறுனது இது கைராசி. கும்புடுடி!”

மகள் கும்பிடவில்லை. அவளுக்குப் புதன்கிழமை ஞாபகம் இருந்தது. தாயிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அது எனக்கு ஆயுசுக்கும் போதும். ஆனால் முடியவில்லை.

“அக்கா, அந்தப் பொட்டலத்துல இருந்த சின்ன மாத்திரதான் உங்க எலும்ப உளுத்துப்போவ வச்சது. அத திடீர்னு நிறுத்துனதாலதான் மயக்கமே வந்துச்சு.” மிச்சத்தையும் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்க்கா. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

அக்கா சுவர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாலு நாள் நான் கட்டிலருகே போகும்போதெல்லாம் அந்த முகம் சுவரைத்தான் பார்த்தது. நர்ஸுகள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டிஸ்சார்ஜ் அன்று காலை நான் தாளோடு போனேன். அந்தச் சின்ன மாத்திரையை இனி டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஒரு நாள்கூட தானாக விடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நேராக மாத்திரையை ஒட்டியிருந்தேன். மகளிடம் கொடுக்கத்தான் நீட்டினேன். அக்கா கையை நீட்டினார்.

“எல்லாத்தையும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்க்கா.”

“படிச்சுக் காட்டு.”

படித்தேன். இது எதற்கு, இது எவ்வளவு நாளைக்கு, இது விட்டால் என்ன ஆகும், எது வாங்கிப் போடவே கூடாது என்று ஒன்றுவிடாமல் படித்தேன். குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

“வலிச்சா?”

“டாக்டர்கிட்ட வரணும்க்கா. கூடைய இனிமே தூக்க முடியாது.”

“ம்.” தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். சூரியனை விரலால் தடவினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அன்னிக்கும் இப்படிப் படிச்சுக் காட்டியிருக்கலாம்ல பாப்பா. நான் கேட்டிருப்பனோ, மாட்டனோ. நீ சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா தாளை மடியில் வைத்து முக்கோணமாக மடித்து, நுனியை உள்ளே சொருகி, சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.